ஒரு தாயின் மரணத்தை விசாரிப்பது
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் 1926இல் ஆரம்பமாயிற்று. நம் சங்கத்துக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். 1930களில் இலங்கையில் 1 இலட்சம் பிறப்புகளுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். நம் பாட்டிமார் பிள்ளை பெறப் போனது அந்தக் கணக்கோடுதான். கொவிட்டுக்கு முந்திய சில ஆண்டுகளில் அந்த எண் 40க்கும் கீழே வந்திருந்தது.

நாடு பணக்கார நாடாகி இது நடக்கவில்லை. வீட்டுப் படியேறி வந்த குடும்பநல மாது, இலவச வைத்தியசாலை, பெண் பிள்ளைகளின் படிப்பு என்று காரணங்கள் பல. அவற்றில் அதிகம் பேசப்படாத ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

இங்கே ஒரு தாய் பிரசவத்தை ஒட்டி இறந்தால் அது அறிவிக்கப்பட வேண்டும். பிறகு விசாரணை. குடும்பநல மாது, சுகாதார வைத்திய அதிகாரி, வைத்தியசாலை ஊழியர் எல்லோரும் அமர்ந்து, அந்தத் தாயின் அட்டையையும் படுக்கைக் குறிப்புகளையும் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். அவை குடும்ப சுகாதாரப் பணியகத்துக்குப் போய், நிபுணர்களால் தேசிய அளவில் மீண்டும் ஆராயப்படுகின்றன. யாருடைய பிழை என்பதல்ல கேள்வி. எந்த இடத்தில் அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்பதே கேள்வி. தண்டனைப் பயம் வந்தால் குறிப்புகள் பொய் பேசத் தொடங்கிவிடும் என்பது அனுபவம்.

இப்படிச் சேர்த்த தகவல்தான், இரத்தப்போக்குக்கு அடுத்தபடியாகத் தாயின் இருதய நோயும் பெரிய காரணம் என்று காட்டியது. அதனால்தான் கர்ப்பிணியின் நெஞ்சில் வைத்தியர் குழாய் வைத்துக் கேட்பது இவ்வளவு முக்கியமாயிற்று.

உலக ஆய்வுகளும் உதவின. வலிப்பு வரக்கூடிய கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேற்று கொடுத்தால் அந்த ஆபத்து பாதிக்கும் மேல் குறையும் என்பதை, 33 நாடுகளில் 10,000க்கும் அதிகமான பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான மக்பை ஆய்வு உறுதிசெய்தது. மருந்து பழையது, மலிவானது. கென்யா, நைஜீரியா, தன்சானியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளில் 2 இலட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களில் நடந்த இன்னோர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. கண்ணால் பார்த்து மதிப்பிடாமல், அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் இரத்தத்தை அளந்து, உடனே எல்லாச் சிகிச்சையையும் சேர்த்துச் செய்தபோது கடுமையான இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. ஒரு விரிப்புத்தான்! சமையலில் கண்ணளவு சரிவரும். பிரசவ அறையில் சரிவராது.

இனி நம் மலைக்கு வருவோம். தாமதங்கள் மூன்று என்று தடியஸ், மெயின் என்ற இருவர் 1994இல் எழுதினார்கள்: போகத் தீர்மானிப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவில் இரவு வலி எடுக்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மாமியார் சொல்லவேண்டும், வாகனம் வரவேண்டும், மழையில் பாதை இருக்கவேண்டும், பேராதனை வந்து சேரவேண்டும். சேர்ந்த பின்னும் தலைவலியா, கண் மங்கலா, வயிறு எரிவா என்று அவள் தன் மொழியில் சொல்ல வேண்டும். வலிப்புக்கு முன்வரும் அறிகுறிகள் இவைதாம். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மருந்து அலுமாரியில் இருந்தும் என்ன பயன்?

எங்களுக்கு இதில் கொஞ்சம் கோபமும் உண்டு. விஞ்ஞானப் பிரிவில் படிக்கும் பிள்ளையை எல்லோரும் டாக்டராகத்தான் பார்க்கிறோம். வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் வீட்டில் துக்கம். குடும்பநல மாதுப் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும்போது அந்த வர்த்தமானியை எத்தனை வீடுகளில் திறந்து பார்க்கிறோம்? லயத்து வாசலில் நின்று தமிழில் கேட்கக்கூடிய ஒருத்தி, மேற்சொன்ன முதல் தாமதத்தையும் மூன்றாவதையும் குறைக்கக்கூடியவள்.

அடுத்த தொழில் வழிகாட்டல் நாளுக்கு, வைத்தியர்களோடும் பொறியியலாளர்களோடும் தோட்டப் பிரிவில் வேலை செய்யும் ஒரு குடும்பநல மாதுவையும் அழைக்கும்படி சங்கச் செயலாளரிடம் கேட்டிருக்கிறோம். அவருக்கு முன்வரிசையில் ஆசனம் போடும்படியும் சொல்லியிருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் அக்காமார், பயிற்சிக் காலத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் தங்குமிடச் செலவை ஏற்க முடியுமா என்று செயலாளருக்கு எழுதுங்கள்.