டர்போ உடைந்தால் எஞ்சினையும் பாருங்கள்

லோரி நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. அதனால்தான் டர்போ உடைந்ததும் புதியதை மாட்டி உடனே ஓட்டச் சொல்கிறார்கள் உரிமையாளர்கள். அந்த அவசரம் எஞ்சினையே அழித்துவிடலாம்.

டர்போ நிமிடத்துக்கு ஏறக்குறைய 100,000 முறை சுழலும். அது உடைந்தால் அலுமினியத் துண்டுகள் இன்டர்கூலர் வரை சிதறும்; எஞ்சின் எண்ணெயும் அங்கே தேங்கும். அந்த எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்தால், சாவியை அணைத்த பிறகும் அதையே எரித்து எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடலாம். கனெக்டிங் ராடும் வளையலாம்.

ஆகவே, முதலில் இன்டர்கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள். எண்ணெய் வடிகட்டியை வெட்டி, உலோகத் துகள் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். டர்போவுக்கு எண்ணெய் வரும் குழாயில் அடைப்பு இருந்தால், புதிய டர்போவுக்கும் அதே கதிதான்.

ஒரு நாள் வருமானம் போனால் ஈட்டிவிடலாம். எஞ்சின் போனால் லோரியே கடனாகிவிடும்.