மூன்றாம் ஆண்டுக்குப் பணம் யார் தருவார்?

பட்டமளிப்பு உரையில் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவது வழக்கம். நான் ஒரே ஒரு விஷயத்தைப் பேசப் போகிறேன். முனைவர் பட்டம் முடித்த பிறகு, நிரந்தர வேலை கிடைக்கும் முன், ஓர் ஆய்வாளர் கழிக்கும் சில ஆண்டுகள் பற்றிய பேச்சு இது. போஸ்ட்டாக் என்று நீங்கள் சொல்லும் அந்த ஆண்டுகளுக்கு, அதிலும் துருவ ஆய்வில், யார் எத்தனை காலம் பணம் தர வேண்டும் என்பதே கேள்வி. விழா மேடையில் சம்பளப் பேச்சு அழகில்லை என்று கருதுபவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறிவியலின் வரலாற்றில் பாதி, யாருக்கு எப்போது சம்பளம் வந்தது என்ற வரலாறுதான்.

துருவங்கள் பற்றி நம் காலத்தில் நிகழ்ந்த மிகப் பெரிய கண்டுபிடிப்பு ஓசோன் துளை. பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர்களும் ஓசோன் அழிவின் வேதியியலை விளக்கியவர்களும் அப்போது எந்த வயதில், எந்த நிலையில் இருந்தார்கள் என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. 1969 முதல் 1971 வரை பால் குருட்சன் ஐரோப்பிய விண்வெளி ஆய்வு அமைப்பின் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டில் போஸ்ட்டாக்காக இருந்தார். நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோனை அழிக்கும் விதத்தை விளக்கும் அவருடைய 1970ஆம் ஆண்டுக் கட்டுரை அந்தக் காலத்தில் வந்தது. 1973 இலையுதிர் காலத்தில் மரியோ மொலினா என்ற முப்பது வயது மெக்சிகோ இளைஞர், கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் ஷெர்வுட் ரோலண்டிடம் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தார். ரோலண்ட் சில தலைப்புகளை முன்வைத்து எது வேண்டும் என்று கேட்டார். குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் பயன்பட்ட குளோரோஃபுளூரோகார்பன்கள் காற்றில் கலந்தபின் என்ன ஆகின்றன என்ற தலைப்பை மொலினா எடுத்துக்கொண்டார். இருவருக்குமே அது புதிய துறை. சில மாதங்களில் விடை கிடைத்தது. அந்த வாயுக்கள் மேல் வளிமண்டலம் வரை சென்று, உடைந்து, குளோரினை வெளியிட்டு ஓசோனைத் தின்னும் என்பதை 1974 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இந்த வேலைக்கான பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்க அணுசக்தி ஆணையத்திடமிருந்து. ரோலண்ட் கதிரியக்க வேதியியலர். அவருக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருந்த நிதியை இந்தப் பக்கம் திருப்ப ஆணையம் இசைந்தது. ஓசோன் ஆய்வு என்று தலைப்பிட்டு யாரும் விளம்பரம் செய்யவில்லை. 1995இல் வேதியியல் நோபல் பரிசை இந்த மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் இருவரின் அடிப்படைப் பணி போஸ்ட்டாக் காலத்தில் நடந்தது.

கதையின் மறுபாதி அண்டார்டிகாவில். பிரிட்டனின் ஹேலி நிலையத்தில் 1957 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, டாப்சன் கருவியால் ஓசோனை அளக்கத் தொடங்கினார்கள். ஆண்டுக்கு ஆண்டு யாரோ சில இளைஞர்கள் அந்தக் குளிரில் நின்று எண்களைக் குறித்தார்கள். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கையால் எழுதிய ஏடுகள் குவிந்தன. இளங்கலை முடித்த கையோடு 1977இல் வேலைக்குச் சேர்ந்த ஜொனாதன் ஷாங்க்ளினுக்கு அந்தக் குவியலைக் கணினியில் ஏற்றும் வேலை கிடைத்தது. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் மாத எண்கள் இறங்கிக்கொண்டே வந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. முன்பு 300 டாப்சன் அலகு அளவில் இருந்தது 1984 அக்டோபரில் 200க்கும் கீழே போயிருந்தது. 1985 மே மாதம் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் கட்டுரை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே, முனைவர் பட்டம் வாங்கி ஐந்தே ஆண்டான சூசன் சாலமன், அடுக்குமண்டலத்தின் பனிமேகத் துகள்களின் பரப்பில் நிகழும் வேதிவினை இதற்குக் காரணமாக இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். பிறகு முப்பது வயதில் ஓர் ஆய்வுக் குழுவுக்குத் தலைமையேற்று அண்டார்டிகாவின் மக்மர்டோ நிலையத்துக்கே போனார். 1987 செப்டம்பரில் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் வெளியிட்ட 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அண்டார்டிகாவின் மேல் ஓசோன் 2066 வாக்கில் 1980ஆம் ஆண்டின் அளவுக்குத் திரும்பும். பனிப்பகுதியில் நடந்த ஓர் ஆய்வு அரசுகளின் கையெழுத்தாக மாற இரண்டரை ஆண்டுகூடப் பிடிக்கவில்லை. அவ்வளவு விரைவு சுற்றுச்சூழல் பிரச்சினைகளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

வென்றவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் காட்டுகிறீர்களே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சரியான கேள்வி. அதே ஆண்டுகளில் போஸ்ட்டாக்காக இருந்து ஒன்றும் கண்டுபிடிக்காமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்திருப்பார்கள். ஆனால் நான் காட்ட விரும்புவது மேதைமையை அல்ல. மொலினாவால் தனக்குத் தெரியாத துறையில் இறங்க முடிந்தது, மாதாமாதம் பணம் வந்ததால். ஷாங்க்ளினால் பழைய ஏடுகளோடு ஆண்டுக்கணக்கில் இருக்க முடிந்தது, வேலை உறுதியாக இருந்ததால். யார் வெல்வார் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில், ஒரு சிலரை மட்டும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் குறுகிய காலத்துக்குப் பணம் கொடுப்பதைவிட, சற்று அதிகம் பேருக்குச் சற்று நீண்ட காலத்துக்குக் கொடுப்பதே கணக்குப்படியும் சரி.

நீண்ட காலம் என்பதை நான் வற்புறுத்துவதற்கு, துருவத்தின் நாட்காட்டியே காரணம். நம் நாட்டில் பல துறைகளுக்கும் பொதுவான தேசிய போஸ்ட்டாக் பெல்லோஷிப் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் ரசாயனம் கலப்பவருக்கு இரண்டு ஆண்டு போதலாம். அண்டார்டிகாவுக்குப் போகிறவரின் நிலை வேறு. அங்கே களப்பணிக்கு ஏற்ற கோடைக்காலம் தோராயமாக நவம்பர் முதல் மார்ச் வரைதான். ஆய்வுத் திட்டம் ஒப்புதல் பெற வேண்டும், மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும், உத்தராகண்டின் ஆலியில் பனிப்பயிற்சி முடிக்க வேண்டும், அதன்பின் கேப்டவுன் வழியாகப் பயணம். பெல்லோஷிப் ஆணை ஜனவரியில் கைக்கு வந்தால் அந்தப் பருவம் போயிற்று; அடுத்த நவம்பருக்குக் காத்திருக்க வேண்டும். போன இடத்தில் புயல் அடித்தால் களநாட்கள் கரையும். எடுத்த பனிக்கட்டி மாதிரிகள் உருகாமல் குளிரிலேயே கப்பலேறி, கோவாவில் உள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையத்துக்கு வந்து சேர்ந்து, வரிசையில் நின்று, கருவிக்குள் போவதற்குள் இரண்டாம் ஆண்டு முடிவு நெருங்கிவிடும். தரவு கையில் வரும் நேரத்தில் உதவித்தொகை நின்றுவிடுகிறது. நெல் கதிர் பால் பிடிக்கும் வாரத்தில் வாய்க்காலை அடைப்பது போன்ற காரியம் இது. கட்டுரையை எழுதாமலேயே ஆய்வாளர் வேறு வேலைக்குப் போகிறார். மாதிரி குளிர்பெட்டியில் கிடக்கிறது. அந்த மாதிரியை எடுத்துவர அரசு செலவழித்த தொகையோ, மிச்சப்படுத்திய மூன்றாம் ஆண்டுச் சம்பளத்தைப் போல் பல மடங்கு.

இந்தியாவின் துருவத் திட்டம் சிறியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1981இல் விஞ்ஞானி காசிம் தலைமையில் முதல் குழு அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டது. முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்துபோனது. 1989இல் மைத்ரி, 2012இல் பாரதி. வடக்கே ஆர்க்டிக் பகுதியில், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் நி-ஆலசுண்டில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையம் இயங்குகிறது. 2023 டிசம்பரிலிருந்து குளிர்காலத்திலும் நம்மவர்கள் அங்கே தங்குகிறார்கள். அங்குள்ள காங்ஸ் ஃபியோர்டில் 2014இல் ‘இண்டார்க்’ என்ற கடலடி அளவீட்டுக் கருவித் தொகுதியை இறக்கினோம். அதை வடிவமைத்தது நம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். துருவத்துக்குச் செல்லும் கப்பலை இதுவரை வாடகைக்குத்தான் எடுக்கிறோம். சொந்த ஆய்வுக் கப்பல் கட்ட கொல்கத்தா நிறுவனம் ஒன்று 2025இல் நார்வே நிறுவனத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டலாம், கப்பலுக்குக் கொடி அசைக்கலாம், நாளிதழில் படம் வரும். ஒரு பெல்லோஷிப்பை இரண்டு ஆண்டிலிருந்து நான்கு ஆண்டாக நீட்டினால் யாரும் ரிப்பன் வெட்டப் போவதில்லை. நிதி ஒதுக்கீடு இந்தச் சபலத்துக்கு ஆட்படுவது எல்லா நாட்டிலும் உள்ளதுதான்.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2023இல் திருத்தப்பட்ட விகிதப்படி ரிசர்ச் அசோசியேட் என்ற போஸ்ட்டாக் நிலை ஆய்வாளரின் மேல்நிலைத் தொகை மாதம் 67,000 ரூபாய். ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குச் சற்று மேல். ஐம்பது பேருக்கு நான்கு ஆண்டுகள் கொடுத்தால் சுமார் 16 கோடி. வீட்டு வாடகைப்படி, பயணம், சில்லறைச் செலவு என்று இரட்டிப்பாக்கினாலும் 32 கோடி. வளிமண்டலம், கடல், துருவம், நிலநடுக்கம் எல்லாவற்றையும் சேர்த்து மத்திய அரசு 2024 ஜனவரியில் ஒப்புதல் அளித்த ‘பிருத்வி’ திட்டத்தின் மொத்தத் தொகை 4,797 கோடி. அதில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்த 32 கோடி தொடாது.

ஏழை நாட்டுக்குத் துருவம் எதற்கு என்ற பழைய கேள்வி இங்கே வரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலை ஒட்டி வாழும் மாநிலத்தில் அதற்கு விடை சொல்வது கடினமில்லை. மேற்கு அண்டார்டிகாவின் த்வெயிட்ஸ் பனியாறு ஒன்று மட்டும் முழுதாகக் கரைந்தாலே உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். அது எவ்வளவு காலத்தில் நடக்கும் என்பதில்தான் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. துறைமுகச் சுவரை எவ்வளவு உயரம் கட்டுவது என்று முடிவெடுக்க வேண்டியவர்களுக்கு அந்தக் காலக்கணக்கு வேண்டும். 2023 செப்டம்பரில் அண்டார்டிகாவின் கடற்பனி உச்சகட்டத்திலும் 1.7 கோடி சதுர கிலோமீட்டரை எட்டவில்லை. 1979இல் செயற்கைக்கோள் பதிவு தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைந்த உச்சம் வந்ததில்லை. காரணத்தைப் பிறர் கண்டுபிடித்துச் சொல்லட்டும், நாம் வாங்கிக்கொள்வோம் என்று இருக்கலாம். ஆனால் நம் பருவமழையையும் நம் கரையையும் முன்வைத்து நமக்கான கேள்வியை வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

செயற்கைக்கோளும் செயற்கை நுண்ணறிவும் இருக்க, ஆட்கள் எதற்கு என்பது புதிய கேள்வி. இதற்கும் ஓசோனே பதில் சொல்கிறது. 1978இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செயற்கைக்கோள் அந்தத் துளையின் மேல் பறந்துகொண்டுதான் இருந்தது. கணினி அந்த எண்களைத் தூக்கி எறிந்துவிட்டது என்று மேடைகளில் சுவையாகச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. எண்கள் நம்ப முடியாத அளவு குறைவாக இருந்ததால் பிழையாக இருக்கலாம் என்று குறியிட்டு வைத்தது. குறியிட்டதை மனிதர்கள் ஆராய்ந்து வெளியிடுவதற்குள் ஹேலியின் கட்டுரை வந்துவிட்டது. எண்ணைச் சந்தேகிக்கத் தெரிந்தவர், சந்தேகம் எப்போது வீண் என்று புரிந்தவர், இருவரையும் உருவாக்கப் பத்தாண்டு பிடிக்கும். அதில் நடுவில் உள்ள நான்கு ஆண்டுகளில் பாதியைத்தான் நாம் வெட்டிவிடுகிறோம்.

இவற்றைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. பெல்லோஷிப்பை நீட்டுவது நிரந்தர வேலையைத் தள்ளிப்போடும் தந்திரம், முப்பத்தைந்து வயதிலும் ஒப்பந்தக் கூலியாக வைத்திருக்கும் ஏற்பாடு என்கிறார்கள். இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். முடிவில் ஒரு வாசல் இல்லாத பெல்லோஷிப் நீளநீளக் கொடுமைதான். பெண்களுக்கு இது இன்னும் கடினம். திருமணம், குழந்தை, அண்டார்டிகப் பருவம் எல்லாம் அதே ஆண்டுகளில் வந்து மோதுகின்றன. 1983இலேயே இந்தியப் பெண் விஞ்ஞானிகள் சுதிப்தா சென்குப்தாவும் அதிதி பந்தும் புறப்பட்டுப் போன கண்டம் அது. திறமை பற்றிய ஐயம் அப்போதே தீர்ந்துவிட்டது. ஆகவே நான் கேட்பது வெறும் நீட்டிப்பு அன்று. நான்கு ஆண்டுகள், அவற்றில் மூன்றாம் ஆண்டு முடிவில் மதிப்பீடு, தேறியவருக்குப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு மையத்திலோ உதவிப் பேராசிரியர் நிலைக்கான உறுதி, மகப்பேற்றுக் காலத்தைக் கணக்கில் சேர்க்காத விதி. பணியிடம் மத்திய மையங்களில் மட்டும் இருந்தால் போதாது. இதுபோன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களின் புவியியல், நுண்ணுயிரியல், இயற்பியல் துறைகளிலும் தலா ஓர் இடம் வேண்டும். துணைவேந்தர் அவர்கள் முகத்தில் கவலை தெரிகிறது. நிதித்துறையின் அனுமதி அவர் கையில் இல்லை என்பதை அறிவேன். ஆனால் உதவித்தொகையை ஆறு மாதம் நிலுவையில் வைக்காமல் மாதாமாதம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலருக்கும் முடிகிற காரியம்.

மாணவர்களே, 1882, 1932, 1957, 2007 என்று இதுவரை வந்த பெரிய கூட்டு முயற்சிகளின் வரிசையில் அடுத்த சர்வதேசத் துருவ ஆண்டு 2032-33. இன்று முதுகலைப் பட்டம் வாங்கும் ஒருவர் ஆய்வில் சேர்ந்து முனைவராகி வெளியே வரும்போது அந்த ஆண்டு நெருங்கியிருக்கும். அப்போது அவர் சரியாக போஸ்ட்டாக் வயதில் இருப்பார். இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் வழிகாட்டியைத் தேடும்போது, அவர் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் அடுத்த நான்கு ஆண்டுகள் எங்கே, யார் பணத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள். சங்கடப்படாமல் கேளுங்கள், நல்ல வழிகாட்டி பெயரும் இடமும் சொல்லிப் பதில் தருவார். பட்டம் பெறும் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.