செல்லரித்த சிறகுகள்



இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் பழைய விமானங்களைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே. வான ஊர்தி என்னும் தொடர் புறநானூற்றிலேயே உண்டு. சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறி வான்வழிச் செல்கிறாள். இவற்றைச் சான்று காட்டி, அறிவியல் அன்றே தமிழரிடம் இருந்தது என்று பெருமிதம் கொள்வது இவ்வுரையின் நோக்கம் அன்று. மனிதக் கை செய்த ஒரு பொருள் காலத்தைக் கடந்து எஞ்சுவது எவ்வாறு என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. ஓலைச்சுவடிகளோடு வாழ்ந்த மக்களுக்கு இவ்வினா புதிதன்று.

தொடக்ககால விமானங்களுள் பெரும்பாலானவை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இறக்கைகள் கொண்டவை. 1903 திசம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவில் ரைட் உடன்பிறப்பினர் பறக்கவிட்டதும் அத்தகையதே. அதன் முதற் பறப்பு 12 வினாடி. கடந்த தொலைவு 120 அடி. மரச்சட்டம், அதன்மேல் போர்த்திய துணி, இழுத்துக் கட்டிய கம்பி ஆகியவையே அதன் உடல். மெல்லிய மர இறக்கை ஒன்று தனித்து நின்றால் வளைந்து முறியும். இரண்டை அடுக்கி, இடையே தூண் நிறுத்திக் கம்பியால் பிணைத்தால் எடை மிகாமலே வலிமை கூடும். தச்சர் அறிவும் நெசவாளர் உழைப்பும் கூடிய படைப்பு அது.

ஏழே ஆண்டுகளில் அத்தகைய விமானம் சென்னையிலும் பறந்தது. மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திய கோர்சிகத் தீவினரான தி ஆஞ்செலிஸ் என்பார் தாமே வடிவமைத்து, குதிரை வண்டிகள் கட்டிப் பெயர்பெற்ற சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியோடு ஈரடுக்கு இறக்கை விமானம் ஒன்றை உருவாக்கினார். 1910 மார்ச்சில் அது பல்லாவரத்தில் பறந்தது; பின்னர்ப் பொதுமக்கள் காணவும் பறக்கவிடப்பட்டது. வண்டிப் பட்டறையில் பிறந்த அவ்விமானம் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. படியெடுக்கப்படாத ஒற்றைச் சுவடி அழிந்தாற்போல அது மறைந்தது. அதனைக் கட்டிய தச்சர்களின் பெயர்களும் அதனோடு மறைந்தன.

இதற்கு நேர்மாறான வரலாறு இராசத்தானத்துப் பிக்கானேரில் நிகழ்ந்தது. முதல் உலகப் போர் முடிந்தபின், எஞ்சிய விமானங்களில் ஒரு பகுதியைப் பிரித்தானிய அரசு தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கு அன்பளிப்பாக வழங்கியது. அவ்வழியில் இந்தியா வந்த டி.எச்.9 என்னும் ஈரடுக்கு இறக்கைக் குண்டுவீச்சு விமானங்களிற் சில பிக்கானேர் அரசரிடம் சேர்ந்தன. காலப்போக்கில் அவை யானைக் கொட்டிலில் ஒதுக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் அங்கே கிடந்தன. மரத்தைக் கறையான் தின்றது. ஆயினும் இரும்புப் பகுதிகளும் வடிவமும் எஞ்சின. அவற்றுள் இரண்டு இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன. ஒன்று சீரமைக்கப்பெற்று டக்ஸ்ஃபோர்டு போர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மற்றொன்று 2019இல் மீண்டும் வானில் எழுந்தது. பிறிதொன்று பிக்கானேர் சூனாகட் கோட்டையிலேயே காட்சிக்கு உள்ளது.

மறுபடி பறந்த விமானத்தில் மரம் புதிது, துணி புதிது. எனின், அது பழைய விமானம்தானா எனக் கேட்போர் உளர். அதே வினாவைச் சிந்தாமணியிடமும் கேட்கலாம். திருத்தக்கதேவர் எழுதிய ஓலை இன்று எங்கும் இல்லை. ஓலை நைந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் புதிய ஓலையில் படியெடுத்தார். செல்லரித்த படிகள் பலவற்றை ஒப்புநோக்கி உ.வே. சாமிநாதையர் 1887இல் அதனை அச்சேற்றினார். கறையான் தின்றது ஓலையை; நூலை அன்று. பொருள் மாறினும் வடிவம் வழிவழி வருமாயின் அது எஞ்சியதே எனலாம்.

எஞ்சுவதற்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அது பயன்பாடு. அமெரிக்காவின் போயிங் ஸ்டியர்மேன் என்னும் ஈரடுக்கு இறக்கைப் பயிற்சி விமானம் 8,000க்கும் மேல் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானிகள் பல்லாயிரவர் அதிலேயே பறக்கப் பழகினர். போர் முடிந்ததும் அவை மலிவாக விற்கப்பட்டன. உழவர்களுக்காகப் பயிர்மேல் மருந்து தூவும் பணிக்குப் பலர் அவற்றை வாங்கினர்; வலிமைமிக்க இயந்திரம் பொருத்தினர்; கிழிந்த துணியை மாற்றினர். கொண்டாடி எவரும் அவற்றைக் காக்கவில்லை. வயலில் வேலை இருந்ததால் அவை காக்கப்பட்டன. இன்றும் பல நூறு ஸ்டியர்மேன்கள் பறக்கின்றன.

இம்மூன்று வரலாறும் எருமப்பட்டிக்குத் தொலைவானவை அல்ல. இவ்வூரிலிருந்து சாலைவழி நாமக்கல் சென்றால் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளைக் காணலாம். சிம்ப்சன் பட்டறையில் நிகழ்ந்ததற்கு நெருங்கிய உறவுடைய தொழில் அது. வெற்றுச் சேசிஸ் வந்து சேரும். தச்சர் மரம் அறுப்பார். கொல்லர் இரும்பு வளைப்பார். பெயிண்டர் பூவும் எழுத்தும் தீட்டுவார். ஆலையிலேயே கேபின் பொருத்தப்பெற்று வரும் வண்டிகள் பெருகியபின் அத்தொழிலின் ஒரு பகுதி சுருங்கிவருகிறது. மரத்தின் தேர்வு, இணைப்பின் வகை, அளவின் நுட்பம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் ஒரு சொல் வழங்கும். அச்சொற்களில் பல எந்த அகராதியிலும் ஏறாதவை. பேசுவோர் கை ஓய்ந்தால் அவையும் ஓயும்.

லாரியைக் கொட்டிலில் நிறுத்திக் காப்பது இலக்கிய வட்டத்தின் பணி அன்று. சொல்லைக் காப்பது அதன் பணி. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்த உறுப்பினர்கள், பதினொன்றாம் ஆண்டில் ஒரு குறிப்பேட்டோடு பட்டறைக்குச் செல்லலாம். முதிய தச்சர் ஒருவரருகே அமர்ந்து, அவர் சொல்லும் சொல்லையும் அதன் பொருளையும், மறவாமல் அவர் பெயரையும் எழுதிவரலாம். அடுத்த மலரில் கவிதைகளோடு அச்சொற்பட்டியலும் இடம்பெறுமாயின், இவ்வட்டாரத்தின் சுவடி ஒன்று படியெடுக்கப்பட்டதாகும்.

பல்லாவரத்தில் பறந்த விமானத்திற்கு அவ்வாறு படியெடுப்பார் வாய்க்கவில்லை. நாமக்கல் பட்டறைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.