உண்டதை நினைவு கூர்தல்



சென்ற வாரம் இதே நாளில் நண்பகலில் நாம் என்ன உண்டோம்? சோறும் குழம்பும் நினைவுக்கு வரலாம். தாளிதத்தில் இட்ட கறிவேப்பிலை வருமா? அதை உண்டோமா, இலையோரம் ஒதுக்கினோமா? உணவினால் பலர் நோயுற்றால், சுகாதார அதிகாரிகள் இத்தகைய வினாக்களையே கேட்க நேர்கிறது. விடை தவறினால் என்ன விளையும் என்பதற்கு, 2011ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிகழ்ந்ததைக் கூறுவோம்.

அவ்வாண்டு மே மாதத்தில் வட ஜெர்மனியில் இரத்தக் கழிச்சல் நோய் பரவிற்று. 3,800 பேருக்குமேல் நோயுற்றனர். 50 பேருக்குமேல் மாண்டனர். கிருமி வயிற்றில் புகுந்து நோய் வெளிப்பட ஏறக்குறைய 8 நாட்கள் ஆயின. ஆதலின் நோயாளிகள் பல நாள் முந்திய உணவை எண்ணிச் சொல்ல வேண்டியவராயினர். தக்காளி, வெள்ளரி, லெட்டூஸ் கீரை என்றனர் பலர். மே 26ஆம் நாள் ஹாம்பர்க் நகர அதிகாரிகள் ஸ்பெயின் நாட்டு வெள்ளரியின்மீது ஐயம் வெளியிட்டனர். அதில் கிருமி இருந்தது உண்மையே. ஆனால் அது வேறு வகை எனச் சில நாட்களில் தெளிவாயிற்று. அதற்குள் வாங்குவாரின்றி விளைபொருள் குப்பைக்குப் போயிற்று. ஐரோப்பியக் காய்கறி விவசாயிகளுக்கு ஈடாக 20 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்க நேர்ந்தது. வெள்ளரி பயிரிட்டவர் செய்த குற்றந்தான் யாது?

உண்மைக் காரணம் வெந்தய முளை. பச்சைக் காய்கறிக் கலவையில் சிறிதளவு தூவப்படுவது. கண்ணிற் பட்டும் கருத்தில் நில்லாதது. ஒரு விசாரணையில் 24 நோயாளிகளுள் 6 பேரே முளை உண்டதாகக் கூறினர். ஆகவே ஆய்வாளர் வழியை மாற்றினர். ஓர் உணவு விடுதியில் உண்ட 10 குழுவினரின் பில்களையும், அவர்கள் எடுத்த புகைப்படங்களையும் திரட்டினர். ஒவ்வொரு பண்டத்திலும் என்னென்ன சேர்த்தார் என்று சமையற்காரரைக் கேட்டனர். நோயுற்ற அனைவருக்கும் முளை பரிமாறப்பட்டிருந்தது! ஜூன் 10ஆம் நாள் அரசு அதனை அறிவித்தது.

நம் ஊர்த் திருமணத்திலோ அன்னதானத்திலோ இத்துன்பம் நேர்ந்தால், நோயுற்றவரை மட்டும் கேட்டு அமையலாகாது. உண்டும் நலமாயிருப்போரையும் கேட்க வேண்டும். அன்றேல் எல்லோரும் உண்ட சோற்றின்மீதே பழி விழும். மளிகைச் சீட்டையும், எப்பந்தியில் எது தீர்ந்தது என்பதையும் சமையற்காரரிடம் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுதல் நலம். பந்தி எழுந்தபின் அருந்திய நீர்மோரும் பானகமும் பலர் சொல்ல மறப்பவை. அவற்றைப் பெயர் சொல்லியே கேட்க வேண்டும். பாயசந்தான் காரணம் என்று ஊரார் பேசத் தொடங்கிவிட்டாலோ, எல்லோர் நினைவிலும் பாயசமே நிற்கும். ஆதலின் அப்பேச்சு எழுமுன், ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டல் வேண்டும்.