காவலறையில் விழுந்த ஒளி

வாசகம்: திருத்தூதர் பணிகள் 12:1-19



கோட்டை வாயில்களிலும் நகர மதில்களிலும் காவல் வீரர்கள் தங்கள் முறை வரும்வரை தங்கியிருக்கும் இடம் காவலறை. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து, பிளாண்டர்ஸ் ஓவியர்கள் இந்த அறையை விரும்பி வரைந்தார்கள். ஸ்பெயினுடன் நடந்த நெடும்போர் 1648-இல்தான் முடிவுக்கு வந்தது. படைவீரர்களை அன்றாடம் பார்த்துப் பழகிய மக்கள் அவர்கள். ஆனாலும் அந்த ஓவியங்களில் போர்க்களம் இல்லை. கழற்றி வைத்த கவசங்கள், சீட்டு, பகடை, புகைக்குழாய், தூக்கம் வழியும் முகங்கள், இவையே இருக்கின்றன.

ஆன்ட்வெர்ப் நகரில் 1610-இல் பிறந்த டேவிட் டெனியர்ஸ் அத்தகைய ஓர் ஓவியத்தை 1640-களில் தீட்டினார். இன்று அது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. முன்பகுதியில் வீரர்கள் சூதாடிக்கொண்டிருக்கிறார்கள். நம் கண்கள் முதலில் அவர்களிடமே போகின்றன. சற்று உற்றுப் பார்த்தால்தான் பின்னால், மிகச் சிறியதாக, அந்த ஒளி தெரிகிறது: வானதூதர் பேதுருவை விடுவிக்கிறார்! மேசையில் இருப்பவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இன்றைய வாசகமும் இதையே சொல்கிறது. நால்வர் கொண்ட நான்கு குழுக்கள், ஆக 16 பேர், ஒரு மீனவரைக் காக்கிறார்கள். அவரோ இரு வீரர்களுக்கு நடுவே, இரு சங்கிலிகளால் கட்டுண்டு, நிம்மதியாக உறங்குகிறார். வெளியே திருச்சபை அவருக்காகச் செபிக்கிறது. கடவுள் செயல்பட்டபோது விழித்திருக்க வேண்டியவர்கள் ஒன்றும் அறியவில்லை. நாமும் பலமுறை அந்த மேசையருகே அமர்ந்திருக்கிறோம். கைப்பேசி, கணக்கு, கவலை என்று குனிந்த தலை நிமிராமலே நாள்கள் போய்விடுகின்றன.

ஆனால் இந்நிகழ்ச்சியின் முடிவை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். பேதுருவைக் காணாத ஏரோது காவலரை விசாரித்து, அவர்களைக் கொல்ல ஆணையிட்டான். அவர்களைக் கடவுள் தண்டிக்கவில்லை. அவமானப்பட்ட ஓர் அரசனின் சினத்துக்கு அவர்கள் இரையானார்கள். மேலே இருப்பவரின் கோபம் என்றுமே கீழே நிற்பவரின் தலையில்தான் விழுகிறது.

அதே நூலின் 16-ஆம் அதிகாரத்தில் மற்றொரு காவலரைச் சந்திக்கிறோம். பிலிப்பியில் நிலநடுக்கத்தால் சிறைக்கதவுகள் திறந்துகொண்டன. கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணிய சிறைக்காவலர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள வாளை உருவினார். பவுலோ உரக்கக் குரல் கொடுத்து அவரைத் தடுத்தார். கைதிகள் ஓடாமல் இருந்ததால் காவலர் பிழைத்தார். அந்த இரவிலேயே அவர் அவர்களுடைய காயங்களைக் கழுவினார். குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றார்.

அன்பர்களே, சிறையில் இருப்போருக்காக நாம் செபிக்கிறோம், அது நல்லது. காவல் நிற்பவருக்காகச் செபிக்கிறோமா? வங்கி வாசலில், அடுக்குமாடிக் குடியிருப்பில், மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருப்பவரின் பெயராவது நமக்குத் தெரியுமா? இந்த வாரம் அவரிடம் நின்று, பெயர் கேட்டு, நான்கு வார்த்தை பேசுவோம். பேதுருவின் சிறைக்குள் வந்த ஒளி அவருடைய காவலறைக்கும் உரியது.

ஆண்டவரே, தலை நிமிர்ந்து உம் ஒளியைக் காணவும், அருகில் நிற்பவரைக் காணவும் எங்களுக்கு அருள்தாரும். ஆமென்.