கொள்ளைநோய்க் காலத்தில் உழவர் குடும்பம்

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

குடும்ப நலக் கூட்டம் என்றதும், "பிள்ளையை அளவோடு பெத்துக்கோங்கன்னு சொல்லத்தானே வந்திருக்காங்க" என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். அதுவும் சொல்லத்தான் வந்தேன். ஆனால் பிள்ளை நலமும், நிலத்தின் விளைச்சலும், வீட்டிலுள்ளோர் உடம்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்று அறுந்தால் மற்றது தாங்காது. இதை நமக்குக் கண்ணெதிரே காட்டியது கொரோனாக் காலம். அந்தக் காலத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணி ஊருக்கு எப்படித் துணை நின்றது, அந்தத் துணை வீட்டுக்குள் முழுமையாக வந்து சேர கணவனும் மனைவியும் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

விரிவாக்கப் பணி என்றால் என்ன?

ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்ததை உழவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதும், உழவர் படும் சிக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துச் செல்வதும்தான் விரிவாக்கப் பணி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் அமைந்தது. கோயம்புத்தூர் எங்கே, நாம் எங்கே என்று நினைக்க வேண்டாம். மல்லாட்டை விதை வாங்கும்போது "டி.எம்.வி. 7" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த டி.எம்.வி. என்பது நம் திண்டிவனம்தான்! அங்கே பல்கலைக்கழகத்தின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. இந்தியாவிலேயே முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தொடங்கப்பட்டது நம் பக்கத்துப் புதுச்சேரியில். அதை நடத்தும் பொறுப்பையும் இந்தப் பல்கலைக்கழகமே அன்று ஏற்றது.

ஆள் நேரில் வராமலே நல்ல செய்தி ஊருக்கு வருவதும் நமக்குப் புதிதல்ல. ஏ.டி.டி. 27 என்ற நெல்லைப் பெரியவர்கள் "ரேடியோ நெல்லு" என்பார்கள். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டுத் தஞ்சை உழவர்கள் 1960களில் அதைப் பயிரிட்டதால் வந்த பெயர் அது.

அடைபட்ட நாட்களில்

கொரோனாவைக் கொள்ளைநோய் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11ஆம் நாள் அறிவித்தது. மார்ச் 24 மாலை தமிழ்நாட்டிலும், மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அது என்ன காலம்? மார்கழிப் பட்டத்து மல்லாட்டை பறிக்கும் காலம். மரக்காணம், திண்டிவனம் பக்கம் தர்ப்பூசணி கொடியிலேயே பழுத்துக் கிடந்த காலம். பஸ் இல்லை, லாரி இல்லை, கூலிக்கு வருகிறவர்களுக்கும் பயம். "பறிக்கலாமா, கூடாதா? போலீசு பிடிக்குமா? ஆளுங்களைக் கூப்பிட்டா நோவு வருமா?" என்று வீட்டுக்கு வீடு இதே கேள்விதான்.

மார்ச் மாத இறுதியில், உழவுப் பணிகளுக்கும் விளைபொருள் கொள்முதலுக்கும் மத்திய அரசு விலக்கு அளித்தது. பிறகு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அறுவடைக்கான அறிவுரைகளை வெளியிட்டது. வேலை செய்யும்போதும், களைப்பாறும்போதும், சாப்பிடும்போதும் மூன்று நான்கு அடி தள்ளி இருங்கள். ஆளுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூடியவரை தெரிந்த ஆட்களையே வேலைக்குச் சேருங்கள். பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கதிரடிக்கும் இயந்திரத்தையும் மல்லாட்டை இயந்திரத்தையும் கைபடும் இடங்களில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றித் துவையுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. நோய் முக்கியமாக மூச்சுக் காற்றின் வழியாகவே பரவுகிறது, காற்றோட்டம் இல்லாத அறையில் கூடுவதே பெரிய ஆபத்து என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆகவே வீட்டுக்குள் கூடிப் பேசுவதை விடத் திறந்த வயலில் தள்ளி நின்று பேசுவது நல்லது.

இந்த அறிவுரைகளெல்லாம் பல்கலைக்கழகங்கள், வேளாண் அறிவியல் நிலையங்கள், வேளாண்மைத் துறை வழியாகக் குறுஞ்செய்தியாகவும், வாட்ஸ்அப் குரல் பதிவாகவும், காணொலிப் பயிற்சியாகவும் வந்தன. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இலவசமாகப் பேசக்கூடிய கிசான் அழைப்பு மையமும் (1800-180-1551) நிற்கவில்லை. நாம் பேசியபோது வந்த அழைப்புகளைப் பணியாளர்களின் சொந்தக் கைப்பேசிக்கே திருப்பிவிட்டார்கள். அவர்கள் வீட்டிலிருந்தபடியே பதில் சொன்னார்கள்.

வருகிறவரும் ஒரு குடும்பத்து மனிதரே

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அழைப்பை வீட்டுக்கு ஏன் திருப்பிவிட்டார்கள்? ஒரே அறையில் நெருங்கி உட்கார்ந்தால் அத்தனை பேரும் படுத்துவிடுவார்கள். பிறகு நமக்குப் பதில் சொல்ல யார் இருப்பார்கள்? ஊழியர் உடம்பைக் காப்பாற்றுவது ஊழியருக்குக் காட்டும் சலுகை அல்ல, ஊருக்குச் செய்யும் சேவையே.

வேளாண்மை அலுவலரும், நம் கிராம சுகாதார செவிலியரும் தங்கள் வீட்டில் வயதான தாய் தகப்பனையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுத்தான் ஊருக்கு வருகிறார்கள். "நோவு உள்ள ஊருக்குப் போயிட்டு வந்திருக்கியே" என்று அவர்கள் தெருவிலும் நாலு பேர் ஒதுங்கியிருக்கலாம் அல்லவா? 2020 ஏப்ரல், மே மாதங்களில் கோயம்பேடு சந்தையில் நோய் பரவி, அங்கே மூட்டை தூக்கிப் பிழைத்த நம் மாவட்டத்துப் பிள்ளைகள் ஊர் திரும்பியபோது, அவர்களை எப்படிப் பார்த்தோம் என்று நம் மனசுக்கே தெரியும். நோயாளி குற்றவாளி அல்ல. நோயைப் பற்றிச் சொல்ல வருகிறவரும் குற்றவாளி அல்ல.

ஆகவே நோய்க்காலத்தில் அலுவலர் வந்தால் வீட்டுக்குள் அழைக்காமல் திண்ணையிலோ வேப்ப மரத்தடியிலோ நாற்காலி போடுங்கள். அதை மரியாதைக் குறைவாக அவர் நினைக்க மாட்டார். ஐம்பது பேரைக் கூட்டாமல் பத்துப் பேராகப் பிரிந்து கேளுங்கள். "காய்ச்சலா இருக்கு, இந்த வாரம் வர முடியலீங்க" என்று அவர் சொன்னால், "பரவாயில்லீங்க, உடம்பைப் பாத்துக்குங்க, போன்லயே சொல்லுங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவருக்குப் பெரிய மருந்து.

போன் யார் கையில் இருக்கிறது?

இனி வீட்டுக்குள் வருவோம். ஆபீசிலிருந்து புறப்பட்ட செய்தி போன் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் போன் யார் சட்டைப் பையில் இருக்கிறது?

2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 54 பேர்தான். தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்குப் பெண்களிடம் இருந்தது. அப்படியும் நாலில் ஒரு பெண்ணுக்குத் தன் கையில் போன் இல்லை.

ஒரு குடும்பத்தை மனசில் நினைத்துப் பாருங்கள். இறவையில் ஒரு ஏக்கர் மல்லாட்டை. களை எடுப்பது, காய் ஆய்வது, உரிப்பது எல்லாம் மனைவி. போன் கணவரிடம். 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும், அதற்குப் பிறகு மண்ணைக் கிளறக் கூடாது என்று செய்தி வருகிறது. கணவர் பார்க்கிறார், "சரி" என்று போனை மூடிவிட்டு வெளியே போகிறார். மனைவியிடம் சொல்லவில்லை. ஐம்பதாம் நாள் அந்த அம்மா களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய், இறங்கியிருந்த விழுதையெல்லாம் அறுத்துவிட்டு வருகிறாள். பறிக்கும்போது பாதி பொக்கு. "மழை ஏமாத்திடுச்சு" என்கிறார் கணவர். உண்மையில் ஏமாற்றியது மழையா?

பயிரில் போனது பணம். உடம்பில் இதே நடந்தால்? கர்ப்பிணிகளும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று 2021 ஜூலை 2ஆம் நாள் மத்திய அரசு அனுமதி தந்தது. ஊசி போட்டால் பிள்ளை தங்காது, ஆண்மை போய்விடும் என்ற வதந்தியும் அதே போனில்தான் சுற்றியது. இரண்டும் பொய் என்று இன்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. ஆனால் வதந்தியை மனைவிக்குச் சொன்ன எத்தனை கணவர்கள் அனுமதிச் செய்தியையும் சொன்னார்கள்? யாரையும் குற்றம் சொல்ல இதைக் கேட்கவில்லை. நல்ல செய்தி ஒரு காதோடு நின்றுவிட்டால் குடும்பத்துக்குப் பாதிப் பயன்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

"ஏங்க, இன்னிக்கு ஆபீசிலேருந்து என்ன சேதி வந்துச்சு?" என்று மனைவி கேட்கட்டும். "இந்தா, நீயே கேளு" என்று கணவர் குரல் பதிவைப் போட்டுக் காட்டட்டும். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். வேளாண் அலுவலரின் குழுவில் மனைவி பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சிக்கு இந்த மாதம் அவர் போனால் அடுத்த மாதம் அந்த அம்மா போகட்டும், பிள்ளையை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அடங்கிய ஊரிலும் அடங்காதவை

ஊர் அடங்கினாலும் பிள்ளை வளர்ச்சி அடங்காது, கர்ப்பம் அடங்காது. 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 2½ கோடிக் குழந்தைகள் உரிய தடுப்பூசியை முழுமையாகப் பெறவில்லை. கருத்தடை அறுவை சிகிச்சை முகாம்களும் பல இடங்களில் நின்றுபோயின. வேண்டாத நேரத்தில் கரு உண்டாகிப் பல தாய்மார்கள் தவித்தார்கள். நிரோத், மாலா-என், சாயா மாத்திரை ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்தலாம். எது உங்களுக்குப் பொருந்தும் என்று நர்சம்மாவைக் கேட்டு, நோய் பரவும் சேதி வந்ததுமே இரண்டு மூன்று மாதத்துக்கு வாங்கி வையுங்கள். பிள்ளைக்கும் பிள்ளைக்கும் மூன்று வருட இடைவெளி என்பது நல்ல காலத்திலும் வேண்டும், நோய்க்காலத்தில் கட்டாயம் வேண்டும்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் பஸ் இல்லாமல் மருந்தை விட்டதும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விளைந்தது விற்காமல், கடன் கழுத்தை நெரிக்கும்போது கோபம் மனைவி மேல் திரும்புகிறது, இல்லாவிட்டால் மனசு பூச்சிமருந்துப் பாட்டில் மேல் போகிறது. பூச்சிமருந்தைப் பெட்டியில் பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். மனச்சுமைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அடி உதைக்கு ஆளாகும் பெண்கள் 181ஐ அழைக்கலாம். "வீட்டு விஷயம்" என்று மூடி வைக்க வேண்டாம்.

நினைவில் வையுங்கள்

1. போனில் வந்த செய்தி எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்று பாருங்கள். பெயரில்லாமல் சுற்றும் சேதியை நம்பவும் வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

2. பயிர்ச் செய்தியானாலும் உடம்புச் செய்தியானாலும் அன்றைக்கே கணவன் மனைவி இருவரும் சேர்ந்து கேளுங்கள்.

3. ஊழியரைத் திறந்த இடத்தில், சிறு கூட்டமாகச் சந்தியுங்கள். அவர் நலத்தையும் விசாரியுங்கள்.

4. குழந்தைத் தடுப்பூசி, கர்ப்பப் பரிசோதனை, கருத்தடைச் சாதனம், தினசரி மாத்திரை ஆகிய நான்கையும் எந்த நோய்க்காலத்திலும் நிறுத்தாதீர்கள். சந்தேகத்துக்கு 104, அவசரத்துக்கு 108.

பெரியோர்களே, தாய்மார்களே! கொரோனா அவசரநிலை முடிந்தது என்று 2023 மே 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. இன்னொரு நோய் என்றைக்காவது வரும். அன்றைக்குத் திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சேதி வரத்தான் போகிறது. அது உங்கள் வீட்டு வாசலில் நின்றுவிடாமல் அடுப்படி வரைக்கும் வர வேண்டும். அதற்கான பழக்கத்தை, நோய் இல்லாத இந்த நல்ல நாளில், இன்று இரவிலிருந்தே தொடங்குங்கள்.