கடல் விலகிய துறை, கடல் ஏறிய கோயில்

ஓட்டப்பிடாரத்துக் கரிசலில் நிற்கும் நமக்குக் கடற்கரை நகர்ந்த கதை எதற்கு என்று தோன்றலாம். நம் மாவட்டத்துக் கொற்கையையே பாருங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் அது. தாமிரபரணி வண்டல் சேர்த்துச் சேர்த்து, இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது.

தரங்கம்பாடியில் நேர்மாறு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது.

பழைய வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிட்டால் கரை நகர்ந்த தூரம் தெரியும். ஆனால், அங்கே மக்கள் வாழ்ந்ததைச் சொல்லும் பானை ஓடு வானத்திலிருந்து தெரியாதே! அதற்கு உள்ளூர்க் கண்தான் வேண்டும். புயலுக்குப் பிறகு கரையில் உறைகிணறோ செங்கல் சுவரோ தலைகாட்டினால், தோண்டாதீர்கள். படமெடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே சொல்லுங்கள்.